கேக் மேல் நின்ற அக்கா

கட்டைவிரல் உயரத்தில் ஒரு கல்யாணப் பெண். அவளுக்குச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கன்னத்தில் லேசாக வெட்கம் ஏற்றி அனுப்புவதுதான் என் வேலை. ஹட்டனில் கேக் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்போம். அவர் கொழும்பிலிருந்து வெள்ளை வெளேரென்று பொம்மைகளை இறக்குவார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒட்டி நிற்கிற ஜோடிகள். கல்யாண வீட்டார் கூறைச் சேலையின் படத்தைப் போனில் காட்டிவிட்டுப் போவார்கள். நான் வட்டவளையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அதே நிறத்தில் தீட்டிக் கொடுப்பேன். கல்யாணக் கேக்கில் கீழ்த் தட்டுகள் எல்லாம் ரெஜிபோம் என்கிற தெர்மோகோல், மேல் தட்டு மட்டும்தான் தின்னக்கூடிய கேக் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதன் உச்சியில் நிற்கிற என் பொம்மையைக் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்க்காமல் ஒருவரும் நகர மாட்டார்கள். இதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு எதிரி. மேசையில் சிந்திய பிளேன்டீயைத் துடைக்காமல் விட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகு நடுவில் வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு நிற்கும். தண்ணீராகக் கரைத்த பெயின்டும் அப்படித்தான். கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றப்போய் ஒரு சொட்டு கூடிவிட்டால், அது காய்வதற்குள் நிறமெல்லாம் ஓரத்துக்கு ஓடிக் கோடு கட்டிக்கொள்ளும். வெட்கப்படுகிற பெண், யாரோ அறைந்துவிட்டுப் போன பெண்ணாகிவிடுவாள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் தேத்தண்ணிக் கோடு.

வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். அங்கே பெயின்ட் வைத்ததும் காய்ந்துவிடும். வட்டவளையில் மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை. துவைத்த சட்டையே மூன்றாம் நாளும் சில்லென்று இருக்கும். பெயின்ட் காய நேரமெடுக்க எடுக்க, நிறத்துக்கு ஊர் சுற்ற நேரம் கிடைத்துவிடுகிறது. எத்தனையோ பெண்களின் முகத்தைக் கெடுத்த பிறகுதான் எனக்குக் கை படிந்தது. பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்தவுடன் பொம்மைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் டிஷ்யூவில் ஒற்றி, அது வெறும் ஈரமாக ஆன பிறகுதான் தொட வேண்டும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தொடங்கி, நிழல் வேண்டிய இடத்தில் பிரஷ்ஷைத் தூக்க வேண்டும். தூக்குகிற இடத்தில்தான் ஈரம் போய்த் தங்கும். இன்னொரு பிரஷ் சுத்தமாக, தண்ணீர் ஈரத்தோடு மற்றக் கையில் தயாராக இருக்கும். கோடு தலைகாட்டுவதற்கு முன்பே அதன் ஓரத்தை நீவிவிடுவது அதன் வேலை.

அதற்குப் பிறகு கையை எடுத்துவிட வேண்டும். இதுதான் கஷ்டம். பாதி காய்ந்ததைத் திரும்பத் தொட்டால், அடியில் இருக்கிற நிறமும் உரிந்துகொண்டு வந்து கோட்டுக்குள் கோடாகும். என் அம்மாவுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. காலமெல்லாம் தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நான் அடுப்படிக்குப் போய் வருவதற்குள், காய்ந்துவிட்டதா என்று மணப்பெண்ணின் நெற்றியில் விரலை வைத்துப் பார்ப்பார்.

"அம்மா! எத்தன தடவ சொல்றது? கைய வைக்காதீங்க!"

"சும்மா தொட்டுப் பாத்தேன்டி. ஆசீர்வாதம் பண்ண மாதிரி நெனச்சுக்கயேன்."

கொடி போல வளைந்து நிற்கிற பெண்ணின் நெற்றியில் அம்மாவின் ரேகை. நான் கத்துவேன். அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி எட்டிப் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் கோபம் முழுவதும் எனக்கும், பொறுமை முழுவதும் அக்காவுக்கும் பங்கு பிரிந்துவிட்டது. அக்கா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அக்காவுக்கு இடது தாடைக்குக் கீழே தொடங்கி, கழுத்துச் சரிவு வரைக்கும் ஒரு வெண்புள்ளி உண்டு. புள்ளி என்பது மரியாதைக்குச் சொல்வது; ஒரு உள்ளங்கை அகலம் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்தது, ஓரளவுக்கு வளர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. நடுவில் பால் நிறம். சுற்றி ஓரத்தில் மட்டும் அவளுடைய சொந்த நிறத்தைவிடக் கொஞ்சம் கறுத்த கோடு. அதனால் வலியும் இல்லை, யாருக்கும் ஒட்டுவதும் இல்லை.

ஆனால் பெண் பார்க்க வந்தவர்களின் கண் அங்கே போய்க் குத்திட்டு நின்றுவிடும். வடையும் தேத்தண்ணியும் முடித்துவிட்டு, "வீட்டுல பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போவார்கள். சொல்லி அனுப்பியவர் யாருமில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர்கள் படி இறங்கும்போதே கதவை அறைந்து சாத்துவேன். அக்கா உள்ளே உட்கார்ந்து மிச்ச வடையைத் தின்றுகொண்டிருப்பாள். "நல்ல வேள, வடையாச்சும் மிஞ்சுச்சு" என்பாள். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகும்போது துப்பட்டாவை இன்னும் ஒரு சுற்று கூடுதலாகக் கழுத்தில் சுற்றியிருப்பாள்.

பிள்ளைக்காம்பராவில் மட்டும் அந்தத் துப்பட்டா நிற்காது. அங்கே ஒரு குட்டிப் பெண் இருந்தாள், இரண்டு வயதிருக்கும். பகல் தூக்கத்துக்கு அக்காவின் தோளில்தான் சாய்வாள். துப்பட்டாவை இழுத்துத் தள்ளிவிட்டு, ஆள்காட்டி விரலால் அந்தப் புள்ளியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். கறுத்த கோட்டின் மேலேயே விரல் போகும், கொஞ்சமும் வழி தவறாது. அந்த விரல் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்படி ஒருநாள் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போதுதான், அங்கே தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். மோட்டார் முதல் தடவையிலேயே சரியாகிவிட்டது. ஆனாலும் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவர் பல ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா பூட்டியிருக்கும், எங்கள் வீடு திறந்திருக்கும். கடைசியில் வாசலில் நின்று அம்மாவிடம் தானே கேட்டார்.

"ஒங்க மூத்த மகளக் குடுங்கம்மா. நல்லா வச்சுக்குவேன்."

அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "அவளுக்குக் கழுத்துல புள்ளி இருக்குப்பா" என்றார்.

"பாத்தேம்மா. ரிப்பேரு எதுல இருக்கு, எதுல இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே நான் சிரித்ததில் ஒரு பொம்மையின் மூக்கு கோணிவிட்டது. அக்கா அடுப்படியில் நின்று, சும்மா கிடந்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அவருடைய சொந்தக்காரர்களுக்குத்தான் தெரியாது. நுவரெலியா, பதுளை என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறவர்கள் அக்காவைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். அந்தப் படத்தில் ஸ்டூடியோக்காரர் யாரும் கேட்காமலேயே அவளுடைய கழுத்தைத் துடைத்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, ஒரு மாலை அக்கா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளின் துணிகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னைக்கு ஒரு நாளு மட்டும் எவளும் என் கழுத்தப் பாக்கக் கூடாதுடி. சேலையப் பாக்கணும். நகையப் பாக்கணும். எல்லாப் பொண்ணுங்களையும் பாக்குற மாதிரி என்னையும் பாக்கணும். மேக்கப் போடுற மிஸ்கிட்ட மறைக்கச் சொல்லிட்டேன். கேக்கு மேல நிக்கிறவளுக்கும் அது வேணாம்."

இத்தனை வருடமாக வடையைத் தின்று மறைத்ததெல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. "சரிக்கா" என்றேன்.

அந்தப் பொம்மைக்கு நான் பட்ட பாடு எந்தப் பொம்மைக்கும் பட்டதில்லை. தாடையிலிருந்து கழுத்து வழியாக ரவிக்கை வரைக்கும் நிறம் ஒரே வழுக்கலாக இறங்க வேண்டும் என்று பிடிவாதம். அந்த மாதம் பார்த்து மழை விடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கழுத்தில் எங்காவது ஒரு கோடு. கோடு விழுந்த அக்காக்களை ஜன்னல் படியில் வரிசையாக நிறுத்திவிட்டு, நானாவுக்குப் போன் போட்டு இன்னொரு ஜோடி கேட்டேன்.

"ஏன் தங்கச்சி, ஒரு மாப்பிள்ளைக்கு எத்தன பொண்ணு கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்றார் நானா.

"சரியான பொண்ணு கெடைக்கிற வரைக்கும் நானா" என்றேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தது. அம்மாவைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டு, நீர்த்த நிறத்தைப் படலம் படலமாக ஏற்றினேன். ஒன்று காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பிறகு அடுத்தது. அன்று ஒரு கோடு விழவில்லை. கழுத்து, வெயிலில் காட்டிய தேன் மாதிரி இருந்தது. அக்கா வந்து பார்த்தாள். "நான் இம்புட்டு அழகாடி?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

கல்யாணம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில். கேக்கை மூலையில் நிறுத்தி, உச்சியில் ஜோடியை வைத்துவிட்டு, நான் அலங்கார அறைக்கு ஓடினேன். வண்டியில் வரும்போது பொம்மை எங்காவது உரசிக்கொள்ளும் என்பதால் இரண்டு பிரஷ்ஷும் சின்னப் பெயின்ட் குப்பிகளும் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அறைக்குள் நுழைந்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அழுகையை அடக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேக்கப் மிஸ் புள்ளியை நன்றாகத்தான் மறைத்திருந்தார். ஆனால் அந்த மேக்கப் முடிகிற இடத்தில், கழுத்துக்குக் குறுக்கே பட்டையாக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒரு பெண், கீழே வேறு பெண். அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கீழே பூசினார். கோடும் கீழே இறங்கியது. விட்டால் ரவிக்கைக்குள் போய்விடும் போலிருந்தது. வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். என் ஜன்னல் படியில் வரிசையாக நிற்கிறதே, அதேதான்.

"கொஞ்சம் தள்ளுங்க மிஸ்" என்றேன். கைப்பையிலிருந்து புதுப் பிரஷ் ஒன்றை எடுத்து, அவருடைய கலவையில் தொட்டு, கைக்குட்டையில் நன்றாக ஒற்றினேன். தாடையோரம் தொடங்கி மெல்ல இறக்கி, நகை மறைக்கிற இடத்தில் தூக்கினேன். இன்னொரு ஈரப் பிரஷ்ஷால் ஓரத்தை நீவினேன். காயவிட்டேன். அக்கா மூச்சைக்கூட அளந்து விட்டாள். இன்னொரு படலம், மறுபடி காத்திருப்பு. கோடு கரைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் இல்லாமலே போய்விட்டது. நான் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதுதான் முதல் தரம். மேக்கப் மிஸ்ஸே, "எங்கிட்ட வேலைக்கு வாறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அக்கா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். எங்கேயும் எதுவும் இல்லாத கழுத்து. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு வரும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மணப்பெண்ணைப் பார்க்க வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது அந்தக் குட்டிப் பெண்ணின் தாய்.

"வாடி என் தங்கம்" என்று அக்கா கையை நீட்டினாள்.

குரல் கேட்டதும் பிள்ளை சிரித்தது. முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. குரல் எங்கிருந்து வந்தது என்று அறை முழுக்கத் தேடியது. தாய், "இந்தா இருக்காங்கல்ல ஒங்க மிஸ்" என்று அக்காவின் மடியில் இறக்கிவிட்டாள். பிள்ளை சந்தேகத்தோடு ஆள்காட்டி விரலை நீட்டி, தாடைக்குக் கீழே வழக்கமான இடத்தில் வைத்தது. அங்கே வழி இல்லை. விரலை எடுத்துப் பார்த்தது; நுனியில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அடுத்த நிமிடம் அது போட்ட சத்தத்தில் வெளியே நாதஸ்வரம் நின்றுவிட்டது.

"மிஸ் வேணும்! மிஸ்கிட்ட போகணும்!"

"நான்தான்டி மிஸ்ஸு. இங்க பாரு, நான்தான்டி" என்று அக்கா கெஞ்சினாள். பிள்ளை அவள் மடியிலிருந்து நழுவி, தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எட்டிப் பார்க்கிறது, அலறுகிறது, மறுபடி எட்டிப் பார்க்கிறது. மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. எல்லோருக்கும் சிரிப்பு, அக்காவைத் தவிர. அவள் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள். பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள்.

"அழிடி" என்றாள் என்னிடம்.

"என்னாது?"

"கழுத்துல இருக்கிறத அழி. என்னையத் தெரியாத மனுசங்க என்னையப் பாக்கணும்னு, தெரிஞ்ச புள்ளைய எதுக்கு அழ வைக்கணும்?"

எனக்கு வந்ததே கோபம்! வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அமைந்த வேலை. "கொஞ்ச நேரம் இருக்கா. ஒரு போட்டோவாச்சும் எடுத்துக்கிறேன்" என்று கெஞ்சினேன். அக்கா ஈரத் துணியை எடுத்துத் தானே துடைக்க ஆரம்பித்துவிட்டாள். துடைக்கத் துடைக்க அந்தப் பால் நிறமும் கறுத்த ஓரமும் பழைய இடத்தில் வந்து நின்றன. பிள்ளையின் அழுகை பாதியில் நின்றது. தாயின் தோளிலிருந்து எட்டி, ஓரத்தைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "மிஸ்" என்றது. அக்கா அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கோபமும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. இரண்டையும் மேக்கப் மிஸ்ஸின் கைக்குட்டையில் துடைத்தேன்.

தாலி ஏறியது. அட்சதை போட வந்தவர்களில் சிலருடைய கண் அக்காவின் கழுத்துக்குப் போகத்தான் செய்தது. நான் மணவறைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரையும் முறைத்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா, நுவரெலியாக்காரர், கிட்டே வந்து தாடையைப் பிடித்தே கேட்டுவிட்டார்.

"என்னாம்மா இது?"

"அது என்னோடதுங்க பெரியம்மா" என்றாள் அக்கா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பக்கத்தில் மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்துகொண்டே, "சின்ன வயசுலேருந்து இருக்குதாம் பெரியம்மா. இனிமே எனக்கும் பங்கு" என்றார்.

பெரியம்மா தாடையிலிருந்து கையை எடுத்தார். பிறகு முந்தானையை எடுத்து விரித்துப் பார்த்தார். "சேல நல்லா இருக்கும்மா. எங்க எடுத்தீங்க?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்குக் கேக் ஞாபகம் வந்தது. மூலையில், உச்சியில், கழுத்தில் ஒன்றுமே இல்லாத யாரோ ஒருத்தி என் அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்த சமயத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். தாடைக்குக் கீழே பால் நிறத்தில் ஒரு திட்டு வைத்தேன். அது காய்ந்ததும், இத்தனை வருடமாக எதைச் செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அதையே செய்தேன். பழுப்பு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து, டிஷ்யூவில் ஒற்றாமல், ஈரப் பிரஷ்ஷைக் கிட்டேயே கொண்டுபோகாமல், சொட்டச் சொட்ட அதன் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். வீடியோக்காரரைப் பிடித்து அவருடைய விளக்கை அதன்மேல் காட்டச் சொன்னேன். "என்னாக்கா, கேக்கு உருகிரும்" என்றார். "கீழ எல்லாம் ரெஜிபோமுதான், காட்டுங்க" என்றேன். விளக்கின் சூட்டில் ஈரம் மெல்ல வற்றியது. நிறம் தன் வழக்கப்படி ஓரத்துக்கு ஓடியது. நடுவில் வெளிறி, சுற்றி மெல்லிய கறுத்த கோட்டோடு, அக்கா வந்து நின்றாள்.

கேக் வெட்டும்போது மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். என் பக்கம் திரும்பி, "கொழுந்தியா, இப்பத்தான் ஆளு சரியா இருக்கு" என்றார்.

இப்போது மஸ்கெலியாவில் அவர்கள் வீட்டு முன்னறையில், கேக் வெட்டும்போது எடுத்த படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. கத்தியைச் சேர்த்துப் பிடித்தபடி இருவர். அக்காவின் தோளில் அந்தக் குட்டிப் பெண் நன்றாகத் தூங்கிவிட்டாள். அவளுடைய கை, அக்காவின் கழுத்துப் புள்ளியின் மேல் அப்படியே கிடக்கிறது, கொஞ்சமும் தெரியாதபடிக்கு. வருகிறவர்கள் எல்லோரும் சேலையைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் படத்தில் அக்காவின் புள்ளியைப் பார்க்க வேண்டுமென்றால், கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கி, கேக்கின் உச்சியில்தான் பார்க்க வேண்டும்.